நாரைக் கேடயம்

பிப்ரவரியில் என் தம்பி ஸ்வான்தே இறந்த மூன்றாம் நாளே ரூத்கர் சுத்தியலோடு வந்து இறங்கிவிட்டான். பனிச்சறுக்கு வண்டியிலிருந்து முதலில் அவனுடைய ராணுவ பூட்ஸ் இறங்கியது, அடுத்து தொப்பை, அதற்கும் அடுத்து துணியில் சுற்றிய ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வெள்ளிப் பூண் போட்ட சுத்தியல். துக்கத்துக்கு வருகிறவன் கையில் ஒரு ரொட்டியாவது இருக்க வேண்டாமா?

"என்ன அவசரம் ரூத்கர்? அவன இன்னும் பெட்டியிலகூட வைக்கல."

"முறைன்னு ஒண்ணு இருக்கு உல்ரிகா. கடைசி நேரத்துல விறகு பிளக்கிற கோடாலியத் தூக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

ரூத்கர் என் தாய்மாமன் மகன், ஓய்வுபெற்ற கர்னல். சின்ன வயதில் ஏரிக்கரையில் என்னோடு மண் வாரி விளையாடியவன்தான். ஸ்வான்தேவுக்கு ஆண் வாரிசு இல்லாமல் போனால் வீடும் காடும் ரூத்கருக்கு என்று என் அப்பா உயில் எழுதிவைத்துவிட்டுப் போனார். வாரிசு சிறுவனாக இருந்தால் அவனுக்குப் பொறுப்பாளரும் ரூத்கரே என்று அதிலேயே இருக்கிறது. மூத்தவள் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. பெண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

எங்கள் பக்கத்தில் குலச்சின்னக் கேடயம் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வம்சத்தின் கடைசி ஆண் இறந்தால், சவப்பெட்டிக்கு முன்னால் வைத்து அந்தக் குடும்பத்தின் கேடயத்தை உடைத்துவிடுவார்கள். அதோடு பெயர் முடிந்தது. பிறகு அந்தப் பெயரில் நாலு பெண்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் அது கணக்கில் வராது.

எங்கள் பெயர் ட்ரானஸ்வார்ட். பெயரின் முன்பாதி நாரை, பின்பாதி வாள். கேடயத்தில் இருப்பது நாரை மட்டும்தான். நீலத்தில் ஒரு வெள்ளி நாரை ஒற்றைக்காலில் நிற்கும், தூக்கிய காலில் ஒரு கல்லைப் பிடித்திருக்கும். காவல் நிற்கிற நாரை கண் அசந்தால் கல் நழுவி விழும், அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்ளும். படத்துக்குப் பொருள் அதுதான். எங்கள் முன்னோர் ஒருவர் போர்க்களத்தில் ராஜாவின் கூடாரத்துக்கு வெளியே தூங்காமல் நின்று, பதுங்கி வந்த பகைவரைக் கண்டு எச்சரித்தாராம். அதற்குக் கிடைத்த பரிசு பெயரும் கேடயமும். அப்பா இந்தக் கதையை எழுந்து நின்றுதான் சொல்வார். ஸ்வான்தே மட்டும், "அந்த ஆளுக்கு அன்னிக்குப் பல்வலி. தூக்கம் எங்கேருந்து வரும்?" என்பான். அப்பா பிரம்பைத் தேடுவார்.

மரப்பலகையில் செய்த அந்தக் கேடயம் தேவாலயத்தில் எங்கள் குடும்ப இருக்கைக்கு மேலே தொங்கியது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஏணி போட்டு ஏறி அதைத் துடைத்தவள் நான். நாரையின் கண் மங்கியபோது டப்பாவில் சாயம் வாங்கிவந்து தொட்டுவைத்தவளும் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அடக்கத்தன்று காலை வாசலில் இருந்து கேட் வரைக்கும் தேவதாரு இலைகளைப் பரப்பினோம். சமையலறையில் காபிக்கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது. ஸ்வான்தேவின் மனைவி எலின் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மிட்டாய்களைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. ஏரியில் படகு ஓட்டும் தூரேயின் மகள். மூன்று வருடம் முன்பு ஸ்வான்தே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகும் தேவைக்குத்தான் பேசினேன்.

திடீரென்று அவள் காகிதத்தைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் பனியில் குனிந்து நின்று வாந்தி எடுத்தாள். நான் பின்னாலேயே போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். வறுத்த காபி வாசம் அவளுக்கு உயிர். அது குமட்டுகிறது என்றால் காரணம் ஒன்றுதான்.

"எத்தன மாசம்?" என்றேன்.

அவள் பனியை அள்ளி வாயைத் துடைத்துக்கொண்டாள். "மூணு ஆகப்போகுது. அவருக்குத் தெரியும். போறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன்."

தம்பி போன துக்கத்துக்கு நடுவிலும், மத்தியானம் சுத்தியலோடு நிற்கப்போகிற ரூத்கரின் முகத்தை நினைத்ததும் சிரிப்பு வந்தது.

"வா. இப்பவே பாதிரியார்கிட்ட போய்ச் சொல்லுவோம்."

"வேணாம்க்கா." என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? இன்னும் கொஞ்ச நேரத்துல கேடயத்த உடைக்கப் போறான்!"

"உடைக்கட்டும். ஏற்கெனவே ரெண்டு கலைஞ்சிருச்சு. ஒண்ணு உங்களுக்குத் தெரியும், இன்னொண்ணு தெரியாது. ஊரக் கூட்டிச் சொல்லிட்டு நாளைக்கு இதுவும் போயிட்டா நான் எங்க மூஞ்சிய வச்சுக்குவேன்? சரி, தங்கிடுச்சுன்னே வச்சுக்குங்க. பையனா இருந்தா கர்னல்தானே பொறுப்பு? பால் மறந்த அன்னிக்கே புடுங்கிட்டுப் போயி ராணுவப் பள்ளிக்கூடத்துல போட்டுருவாரு. பையன்னா அவன் கேடயத்தோட புள்ள. பொண்ணுன்னாத்தான் எம்புள்ள."

"அப்ப நீ என்ன பண்றதா உத்தேசம்?"

"அக்கரைக்கு, எங்கப்பா வீட்டுக்குப் போயிடறேன். சத்தமில்லாம பெத்துக்கறேன். பையன்னா, வளர்ந்து அவனே வந்து கேட்டுக்கட்டும்."

"உடைச்ச பிறகு வந்து நின்னா எவன் புள்ளன்னு கேப்பாங்கடி! ஊர் வாய உனக்குத் தெரியாது. இன்னிக்குச் சொன்னாத்தான் உண்டு."

"அது வெறும் பலகைக்கா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "படகுக்காரன் மகளுக்குப் பலகையாத்தான் தெரியும்."

"ஆமா, பலகை மேலதான் வளர்ந்தேன். பலகைன்னா மிதக்கணும், ஆளக் கரை சேக்கணும். உங்களுது அதுகூடச் செய்யாது," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அதற்குள் தேவாலய மணி அடித்துவிட்டது. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

தேவாலயம் நிறைந்திருந்தது. ஸ்வான்தே மேல் இருந்த பிரியத்தில் பாதிப் பேர், உடைப்பதை வேடிக்கை பார்க்க மீதிப் பேர். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு சடங்கு நடந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேடயத்தைச் சுவரிலிருந்து இறக்கிச் சவப்பெட்டிக்கு முன்னால் ஒரு கல்மேடையில் வைத்திருந்தார்கள். இறக்கிய இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. ரூத்கர் பதக்கங்களோடு நின்றான். அவனுடைய இரண்டு மகன்களும் ஆளுக்கொரு பக்கம், புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் மாதிரி.

ஜெபம் முடிந்தது. பாதிரியார் ஒதுங்கிக்கொண்டார். உடைக்கிறவன் உடைப்பதற்கு முன் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை சவப்பெட்டியைப் பார்த்து, இரண்டாம் முறை சனங்களைப் பார்த்து. மூன்றாம் முறை தேவாலயக் கதவை விரியத் திறந்துவைத்து வெளியே பார்த்துக் கேட்க வேண்டும், கடல் கடந்து போனவன் எவனாவது திரும்பி வந்திருந்தால் அவன் காதில் விழட்டும் என்று.

"ட்ரானஸ்வார்ட் பெயரில், ட்ரானஸ்வார்ட் ரத்தத்தில், உயிரோடு யாரேனும் உண்டா?" என்று ரூத்கர் பெட்டியைப் பார்த்துக் கேட்டான். குரல் கணீரென்று இருந்தது. அணிவகுப்பில் கத்திப் பழகிய தொண்டை.

எலின் என் விரல்களைப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை ஈரமாகிவிட்டது.

அவன் திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டான். யாரோ இருமினார்கள். என் நாக்கு நுனியில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னால் போதும், சுத்தியல் மரப்பெட்டிக்குள் திரும்பிவிடும். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் உதடு வெளுத்திருந்தது. இவளைச் சபையில் நிறுத்திவைத்து, இவள் வயிற்றை ஊருக்குக் காட்டித்தான் என் நாரையைக் காப்பாற்ற வேண்டுமா என்று தோன்றியது. உடைய விடவும் மனமில்லை.

கதவைத் திறந்தார்கள். குளிர் உள்ளே பாய்ந்து மெழுகுவர்த்திகள் படுத்து எழுந்தன. ரூத்கர் வெளியே வெறும் பனியைப் பார்த்து மூன்றாம் முறை கேட்டான். கேட்ட கையோடு சுத்தியலை எடுத்தான்.

"நான் இருக்கேன்," என்றேன்.

என் குரல்தான். எழுந்து நின்றதும் நான்தான்.

"உக்காரு உல்ரிகா," என்றான் ரூத்கர் மெதுவாக.

"பேரு இருக்கான்னு கேட்ட. இருக்கு. ரத்தம் இருக்கான்னு கேட்ட. அதுவும் இருக்கு, வேணும்னா கையக் கீறிக் காட்டறேன். உயிரோட இருக்கேனான்னு நீயே பாத்துக்கோ."

சனங்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. "ஆம்பளையக் கேக்கறாங்கம்மா!" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் பால்காரனாக இருக்க வேண்டும்.

"கேட்டதுல ஆம்பளன்னு எங்கடா இருக்கு?" என்று திரும்பிக் கத்தினேன்.

ரூத்கருக்குக் காது சிவந்துவிட்டது. "பாவம், தம்பி போன துக்கத்துல புத்தி பேதலிச்சிருச்சு. கூட்டிட்டுப் போங்க," என்று மகன்களுக்குக் கண் காட்டினான். அவர்கள் வருவதற்குள் நான் மேடைக்குப் போய்க் கேடயத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். என் தொப்பி விழுந்தது, கொண்டை அவிழ்ந்தது. நரைத்த மயிரோடு ஒரு கிழவி பலகையைக் கட்டிக்கொண்டு கூத்தடிப்பதை ஊரே பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் இதே சனம் எழுந்து நின்று எனக்கு வழி விட்டிருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒத்தக் கால்ல நிக்கிறாளே, அந்த நாரை மாதிரியே," என்றான் ரூத்கர் கூட்டத்துக்குக் கேட்கும்படி. இப்போது நன்றாகவே சிரித்தார்கள். மூத்தவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான்.

"விடுங்க அவங்கள!"

எலின் எழுந்து நின்றிருந்தாள். அவள் அப்படிக் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. அக்கரைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடும் படகுக்காரர்கள் தொண்டை அது.

"நான் முழுகாம இருக்கேன். மூணு மாசம். அக்காவுக்குத் தெரியும். நான் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன், அதான் சொல்லல. இவ்ளோ அவமானப்பட்டும் சொல்லல."

என் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். ரூத்கர்தான் முதலில் வாயைத் திறந்தான். "கிறிஸ்துமஸ்லேருந்து படுத்த படுக்கையா இருந்தவனுக்கு..."

"கிறிஸ்துமஸுக்கு முந்தின மாசத்துக் கணக்கு கர்னல். உங்களுக்குக் கூட்டத் தெரியலேன்னா நான் கூட்டிக் காட்டறேன்," என்றார் பாதிரியார். வாயில்லாப் பூச்சி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த மனிதர். "குழந்த பொறக்கிற வரைக்கும் கேடயம் உடையக் கூடாது. அத இருந்த இடத்துல மாட்டுங்க."

ஸ்வான்தேவைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். வீட்டு வாசலில் தேவதாரு இலைகளை மிதித்துக்கொண்டு நின்றபோது, "இப்ப என்னால எங்கேயும் போக முடியாதுக்கா," என்றாள் எலின். "இனிமே நான் அவங்க பெட்டி. பெட்டிக்குள்ள இருக்கறது அவங்களுது." எனக்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. மறுவாரமே ரூத்கர் மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டான், வாரிசைக் காக்கிறானாம். டவுனிலிருந்து டாக்டரை வரவழைத்தான். எலின் மாடிப்படி ஏறக் கூடாது, வண்டியில் ஏறக் கூடாது, படகில் கால் வைக்கவே கூடாது. தூரே மகளைப் பார்க்க ஏரியைக் கடந்து வந்தால் சமையலறையில் உட்காரவைத்து, பேச்சு முடிவதற்குள் அனுப்பிவிடுவான். அவனுக்கு இரண்டு பக்கமும் லாபம்தான். பெண் பிறந்தால் வீடு அவனுடையது, ஆண் பிறந்தால் வீட்டை ஆளும் அதிகாரம் அவனுடையது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏப்ரல் மாதம் ஆகிவிட்டது.

"உண்மையச் சொல்லு ரூத்கர், உனக்கு என்ன புள்ள வேணும்?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"கடவுள் குடுக்கறது," என்றான், பட்டாணி சூப்பில் கடுகு விழுதைக் கலக்கிக்கொண்டே.

நான் ஆண் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாரைக்குக் கீழே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். எலின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவள் எதற்காக வேண்டிக்கொள்கிறாள் என்றும் எனக்குத் தெரியும். ஒரே பெஞ்சிலிருந்து இரண்டு எதிரெதிர் மனுக்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. ஜூன் மாதம் ஒருநாள், தோட்டத்தில் ருபார்ப் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"பொண்ணாப் பொறந்தா மொகத்தத் திருப்பிக்குவீங்களாக்கா?"

நான் கத்தியைக் கழுவப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

ஜூலையில் அவளுக்கு உதிரம் கண்டது. டாக்டர் வர அரைநாள் ஆகும். நான் அவள் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கூரையைப் பார்த்தபடி, "போகுதுக்கா, இதுவும் போகுது," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அறைக்கு வெளியே ரூத்கரின் பூட்ஸ் நடந்துகொண்டிருந்தது. அந்த அரைநாளில் நான் ஆண் பிள்ளை வேண்டும் என்று கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், இவள் வயிற்றிலேயே இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். என் கையை அவள் வயிற்றின் மேல் வைத்திருந்தேன். சாயங்காலம் உள்ளிருந்து ஒரு உதை விழுந்தது. எனக்கே வலித்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில், புல் அறுத்துக் காயப்போட்டிருந்த ஒரு காலை வேளையில் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி துணியை விலக்கிக் காட்டினாள். பெண். எனக்குள் ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்தது, பொய் சொல்ல மாட்டேன். எலின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஜூனில் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுகிறவள் மாதிரி. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். செக்கச்செவேலென்று, தலையில் ஒரு மயிர் இல்லை. கையை முஷ்டியாக மூடிக்கொண்டு, ஒரு காலை மடக்கித் தூக்கி, ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. என்ன தொண்டை! அம்மாவின் தொண்டை.

"இவளுக்கும் பல்வலி போலிருக்கு," என்றேன்.

எலின் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

ரூத்கர் வந்து பிள்ளையின் நெற்றியில் முத்தம் வைத்தான். மீசை குத்தி அது இன்னும் அலறியது. அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் மத்தியானமே மகன்களுக்குத் தந்தி அடித்துவிட்டான். செப்டம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கேடயம் உடைப்பது என்று முடிவாயிற்று. மாதக் கடைசியில் வரும் மைக்கேல்மாஸ் திருநாள் வரைக்கும் நாங்கள் வீட்டில் இருக்கலாம் என்று பெருந்தன்மையோடு சொன்னான்.

"நீங்க வர வேணாம்க்கா. நீங்க பாக்க வேணாம்," என்றாள் எலின், ஞாயிற்றுக்கிழமை காலையில்.

"வருவேன். நீயும் வா. இவளையும் தூக்கிட்டு வா. யார உடைக்கிறாங்கன்னு இவளும் பாக்கட்டும்."

பிப்ரவரியில் வந்த கூட்டம் இல்லை. அறுவடைக் காலம். சவப்பெட்டியும் இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் துணியை விரித்துவைத்திருந்தார்கள். தூரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், எங்கள் பெட்டிகளை ஏற்றிப்போகப் படகைத் துறையில் கட்டிவிட்டு வந்திருந்தார். மைக்கேல்மாஸ் வரைக்கும் யார் இருப்பது? நானும் அக்கரைக்கு வரட்டுமா என்று இரண்டு நாள் முன்புதான் அவரிடம் கேட்டுக்கொண்டேன். "எடம் சின்னதும்மா. மீன் நாத்தம் அடிக்கும்," என்றார். "பழகிக்கறேன்," என்றேன்.

கேடயத்தை இறக்கி மேடையில் வைத்தார்கள். கடைசியாக ஒரு முறை அதைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாரையின் கண் நான் வைத்த சாயத்தில் பளிச்சென்று இருந்தது. இந்தத் தடவை நான் எதுவும் சொல்லப்போவதில்லை என்று எலினிடம் சொல்லியிருந்தேன். ரூத்கர் அதை நம்பவில்லை. மகன்களில் ஒருவனை என் வரிசையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தான்.

"ட்ரானஸ்வார்ட் பெயரில், ட்ரானஸ்வார்ட் ரத்தத்தில், உயிரோடு யாரேனும் உண்டா?"

கறுப்புத் துணியைப் பார்த்துக் கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை.

எங்களைப் பார்த்துக் கேட்டான். ஓரத்தில் நின்றவன் என் பக்கம் ஒரு அடி நகர்ந்தான். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன், நகம் உள்ளங்கையில் பதிந்தது.

கதவைத் திறந்தார்கள். ஏரிக்காற்று உள்ளே வந்தது. ரூத்கர் வாசலைப் பார்த்து மூன்றாம் முறை கேட்டான். கடைசி வார்த்தை சுவர்களில் மோதி அடங்குவதற்குள், எலின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விழித்துக்கொண்டது.

அலறியது. குளிர் பட்ட கோபமோ பசியோ தெரியாது. தேவாலயத்தின் கூரை வரைக்கும் எழும்பி, பலிபீடத்தில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவன் காதைப் பொத்திக்கொண்டான். எலின் மார்போடு அணைத்துத் தட்டிக்கொடுக்கவில்லை. அவள் பிள்ளையை இரண்டு கைகளாலும் தூக்கி, ரூத்கர் பார்க்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பலகை என்று சொன்னவள்தான். நானும் எழுந்து பக்கத்தில் நின்றேன். பின்னால் தூரே எழுந்திருக்கும் பெஞ்சுச் சத்தம் கேட்டது.

ரூத்கர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சத்தம் குறையும் என்று பார்த்தான். குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. அவன் பாதிரியாரைப் பார்த்தான். பாதிரியார் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறைப்படி உடைக்கிறவன் பதிலைச் சபைக்கு அறிவிக்க வேண்டும். அந்த அலறலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால், கழுத்து நரம்பு புடைக்க, அணிவகுப்புக் குரலில் அவன் கத்தித்தான் சொன்னான்.

"பதில் இல்லை!"

சுத்தியலை ஓங்கினான். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.